ஊறுபடும் நிலையும் ஆங்கிலச் சொற்களும்
(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சொல்லாராய்ச்சி செய்யுமளவு புலமை எனக்கில்லை. மிஷன் பாடசாலையிலே ஆங்கிலம் படித்து, இப்பொழுது பல்கலைக்கழகத்திலும் அந்தப் பாஷையிலேயே படிப்பவன் என்ற ஒரே உரிமையில் சில ஆங்கிலச் சொற்களை உங்கள் முன் வைக்கின்றேன். தீங்கு நேர இடமுள்ள நிலையை உணர்த்தும் சொற்கள் அவை.

முதலாவது, வல்னரபிள். இதன் வேர் இலத்தீன் மொழியில் புண்ணைக் குறிக்கும் வல்னஸ் என்பது. புண்படக்கூடிய நிலை என்பதே நேர்ப்பொருள். கிரேக்கர் கதையிலே அக்கிலீஸ் என்னும் வீரனைத் தாய் தெய்வ நதியில் தோய்த்தெடுத்தாள். அவள் பிடித்திருந்த குதிகால் மட்டும் நனையவில்லை. அங்கேயே அம்பு தைத்தது. நமக்கு இது புதிதன்று. துரியோதனனுக்குத் தொடை எப்படியோ, அக்கிலீசுக்குக் குதிகால் அப்படி. அடிபட்டால் உயிர்போகும் இடத்தை வர்மம் என்று நம் முன்னோர் வகுத்தும் வைத்தனர்.

இரண்டாவது, எக்ஸ்போஸ்ட். வெளியே வைக்கப்பட்டது என்பது பொருள். மழையில் நனையும் மூட்டை எக்ஸ்போஸ்ட். கூரையின் கீழ் வைத்தால் அதே மூட்டைக்கு அந்த நிலை இல்லை. மூன்றாவது, சசெப்டிபிள். வருவதை ஏற்றுக்கொள்ளும் தன்மையுடையது. எதிர்ப்புச் சக்தியில்லாத உடம்பு நோய்க்குச் சசெப்டிபிள். முகஸ்துதிக்கு மயங்குபவர் முகஸ்துதிக்குச் சசெப்டிபிள். நான்காவது, புறோன். முன்புறம் சாய்ந்தது என்பது மூலப்பொருள். ஒரு பக்கமாகச் சாயும் இயல்பு. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையின் தாழ்ந்த நிலங்கள் மூழ்கினவே, அத்தகைய நிலத்தை வெள்ளத்துக்குப் புறோன் என்பர். ஐந்தாவது, லயபிள். கட்டுதல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. சட்டத்தாலோ கடனாலோ கட்டுண்டவன் தண்டத்துக்கு லயபிள்.

இவை ஐந்தையும் ஒரே கூடையில் போட்டால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். நட்டம் நம் தெருவிலேயே நேர்ந்தது. 2020 ஜூலை மாதத்தில் கொரோனாத் தொற்றுப் பற்றிய ஐயத்தால் ஜிந்துப்பிட்டிக் குடும்பங்கள் பல தனிமைப்படுத்தும் நிலையங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவ்வாண்டின் பிற்பகுதியில் கொழும்பின் வடபகுதி முழுவதும் நோய் பரவிற்று. அப்பொழுது வெளியார் சிலர், “அந்தப் பகுதிச் சனங்களே அப்படித்தான்” என்று பேசினார்கள். அவர்கள் சொன்னது புறோன் என்ற கருத்து. நோயின் பக்கம் சாய்வது நம் இயல்பு என்பது. உண்மையோ வேறு. துறைமுகத்திலும் புறக்கோட்டையிலும் அன்றாடம் உழைத்து, நெருங்கிய தோட்டங்களில் ஒரே குழாயடியைப் பலர் பகிர்ந்து வாழும் சனங்கள் எக்ஸ்போஸ்ட். புதிய கிருமிக்குச் சசெப்டிபிள் என்ற நிலையிலோ, கறுவாத்தோட்டத்து மாளிகைவாசிக்கும் நமக்கும் பேதமில்லை. ஒரு சொல் குணத்தைக் குறை கூறுகிறது. மற்றச் சொல் கூரை எங்கே என்று கேட்கிறது. எந்தச் சொல்லைத் தெரிகிறோமோ அதற்கேற்பவே பரிகாரமும் அமையும்.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். அரசாங்கம் 2023ஆம் ஆண்டில் அஸ்வெசும என்னும் உதவித் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்திலே குடும்பங்களை நான்கு வகுப்பாக்கினார்கள். மிக வறியோருக்கு மாதம் 15,000 ரூபாய், வறியோருக்கு 8,500, வல்னரபிள் என்ற வகுப்பினருக்கு 5,000, நிலைமாறும் வகுப்பினருக்கு 2,500. வறியோர் இரு வகுப்பாருக்கும் மூன்றாண்டு தவணை. வல்னரபிள் வகுப்பினருக்கு 2024 ஜூலை முடிவு வரையே முதலில் தவணை. ஆகவே இந்தச் சொல் அகராதிச் சொல் மாத்திரமன்று, அடுப்பெரியும் சொல்லுமாகும்.

தமிழிலே இவ்வகுப்பைப் ‘பாதிக்கப்படக்கூடியோர்’ என்கின்றோம். பேச்சு வேகத்திலே அது ‘பாதிக்கப்பட்டோர்’ ஆகிவிடுகிறது. ‘பட்டோர்’ என்றால் முடிந்த காரியம். ‘படக்கூடியோர்’ என்றால் வரப்போகும் அபாயம். பாதிக்கப்பட்டோர் பெயர் பதிகிறார்கள் என்று கேள்விப்படும் ஒரு தாயார் என்ன நினைப்பார்? “வெள்ளமும் வரவில்லை, தீயும் பிடிக்கவில்லை, எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லையே” என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். கணவரின் நாட்சம்பளம் ஒரு வாரம் நின்றால் அடுப்பு எரியாது என்ற நிலையே அச்சொல் குறிப்பது என்று அவருக்கு எடுத்துரைப்பார் யார்? விழுந்தவனைத் தூக்குவது ஒரு தருமம். விழப்போகிறவனைத் தாங்குவது அதனினும் சிக்கனமான தருமம்.

நம் தமிழில் இதற்குச் சொல்லே இல்லையோ என்றால், இருக்கிறது. ‘எளியார்’ என்கின்றோமே, அதன் அடி எளிது என்பது. யாரும் எளிதில் அடிக்கக்கூடியவர், எளிதில் ஏய்க்கக்கூடியவர் என்ற பொருளும் அதனுள் தொனிக்கின்றது. ஆங்கிலச் சொல் புண்ணைக் காட்டுகிறது. நம் சொல் புண்படுத்துவோனுக்கு வேலை எத்துணை சுலபம் என்பதையும் காட்டுகிறது. ‘ஊறுபடத்தக்கோர்’ என்று எழுதலாம். பேசும்போது ‘தாங்க ஆளில்லாதவர்’ என்றாலும் போதும்.

வல்னரபிள் என்பதை ஏழைமைக்கு மறுபெயர் என்றும் எண்ண வேண்டாம். 1925ஆம் ஆண்டில் வண்டர்பில்ற் என்னும் அமெரிக்கர் ஒழுங்குபடுத்திய பிரிஜ் என்னும் சீட்டாட்டத்திலே, ஒரு கட்டம் வென்ற பக்கத்தாரையே வல்னரபிள் என்பர். அதன்பின் அவர்கள் தவறினால் தண்டம் அதிகம். உயர்ந்தவனுக்கும் குதிகால் உண்டு.

நாவலர் பெருமான் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலம் கற்றவர். பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்பிலே உடனுழைத்தவர். பிறமொழிச் சொல்லின் பொருளை எடைபோட்டுத் தமிழ்ச் சொல்லை வைக்கும் வேலை நமக்குப் புதியதன்று.

ஆதலால் வாலிப நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆங்கிலம் கற்ற நாம் அதைப் பரீட்சைக்கும் உத்தியோகத்துக்கும் மாத்திரம் வைத்திருக்கலாகாது. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை நம் சங்க மண்டபத்திலே அமர்ந்து, அயலவர் கொண்டுவரும் அரசாங்கப் படிவங்களையும் கடிதங்களையும் வாசித்து விளக்குவோம். பெரியோர்கள் இதற்கு ஒரு மேசையும் ஆசியும் தரவேண்டும். ஒரு சொல் விளங்காமையால் ஒரு குடும்பம் தன் உரிமையை இழக்குமாயின், அந்தக் குடும்பம் ஊறுபட்டதற்கு நம் மௌனமும் ஒரு காரணமாகும்.