மேடை ஏறிய கால்வின்



2000ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஒரு பெரிய திடல், ஏறத்தாழ 40,000 கல்லூரி மாணவர்கள். மேடையில் ஜான் பைப்பர், மினியாபொலிஸ் நகரத்துப் போதகர். சீக்கிரமே வேலையை விட்டுவிட்டு, புளோரிடாவில் படகு ஓட்டி, பந்து விளையாடி, சிப்பி பொறுக்கிப் பொழுதைக் கழிக்கும் ஒரு தம்பதியைப் பற்றிச் சொன்னார். கடைசி நாளில் கடவுளிடம் இந்தச் சிப்பிகளையா காட்டப்போகிறீர்கள் என்பதுதான் அவர் கேள்வி. அந்தப் பேச்சு ஒரு தலைமுறையையே பிடித்துக்கொண்டது.

பைப்பர் கால்வினியர், ஜெனீவாவின் சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் வழியில் நிற்பவர். மனிதன் பாவத்தில் முற்றிலும் கெட்டுப்போனவன், தானாகக் கடவுளிடம் வரமாட்டான், யார் மீட்கப்படுவார்கள் என்பதை உலகம் உண்டாகும் முன்பே கடவுள் முன்குறித்துவிட்டார் என்பது அந்த மரபின் போதனை. 1618-19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய திருச்சபைப் பேரவை வகுத்த தீர்ப்புகளைப் பிற்காலத்தில் ஐந்து கோட்பாடுகளாகச் சுருக்கி மனப்பாடம் செய்தார்கள். இவ்வளவு கறாரான கொள்கை, எல்லாவற்றையும் தானே தேர்ந்தெடுத்துப் பழகிய அமெரிக்க இளைஞனுக்கு எப்படி இனித்தது?

அவன் வளர்ந்த சபையைப் பார்த்தால் புரியும். 1980, 90களில் பெரிய இவாஞ்சலிக்கல் சபைகள், புதிதாக வருகிறவர் முகம் சுளிக்கக்கூடாது என்பதில் குறியாக இருந்தன. நாடகம், இசைக்குழு, குடும்பத்தை மகிழ்ச்சியாக நடத்த ஆலோசனை. அங்கே கடவுள் நல்ல ஆலோசகராக மட்டும் இருந்தார். யாருக்காகவும் வளைந்துகொடுக்காத கடவுளை, நடுங்கவைக்கும் கடவுளை, இந்தப் பிள்ளைகள் பைப்பரிடம் கண்டார்கள். 18ஆம் நூற்றாண்டுப் போதகர் ஜானதன் எட்வர்ட்ஸ் 'நம்ம ஆளு' என்று டீ-சர்ட்டில் அச்சிட்டுப் போட்டுக்கொண்டார்கள். காலின் ஹேன்சன் என்ற பத்திரிகையாளர் 2006இல் இந்த அலையை எழுதி உலகுக்குக் காட்டினார். அதே ஆண்டு லூயிவில் நகரில் மார்க் டெவர், ஆல் மோலர், லிகன் டங்கன், சி. ஜே. மகேனி என்ற நான்கு நண்பர்கள் பெரிய மாநாடு கூட்டினார்கள். இருவர் பாப்டிஸ்ட், ஒருவர் பிரெஸ்பிட்டேரியன், ஒருவர் கரிஸ்மாட்டிக். நியூயார்க்கின் டிம் கெல்லர் இன்னொரு கூட்டணியைக் கட்டினார். 2009இல் 'டைம்' இதழ், உலகை மாற்றும் பத்துக் கருத்துகளில் ஒன்றாகப் 'புதிய கால்வினியம்' என்ற இந்த அலையைச் சேர்த்தது.

இதே அலையில் சியாட்டிலில் மார்க் டிரிஸ்கால் என்ற போதகர் இருந்தார். 1996இல் அவர் தொடங்கிய மார்ஸ் ஹில் சபை, ஐந்து மாநிலங்களில் 15 கிளைகள் வரை வளர்ந்தது. ஜீன்ஸ், நகைச்சுவைக் கலைஞனின் வாய், ஆண்களைப் பார்த்து அதட்டல். 2007இல் நிர்வாக விதிகளை மாற்றியபோது கேள்வி கேட்ட மூப்பர்கள் இருவர் வேலையிழந்தார்கள். அவருடைய நூலைச் சிறந்த விற்பனைப் பட்டியலில் ஏற்றச் சபைப் பணம் ஒரு நிறுவனத்துக்குப் போனது 2014இல் வெளியே வந்தது. அந்த ஆகஸ்டில், அவர் உருவாக்கிய 'ஆக்ட்ஸ் 29' அமைப்பே அவரை நீக்கியது. அக்டோபரில் பதவி விலகினார். ஆண்டு முடிவதற்குள் சபை கலைக்கப்பட்டது.

இங்கே எனக்கு ஒன்று உறுத்துகிறது. மனித இதயத்தை நம்பாதே என்பதுதான் கால்வினின் பாலபாடம். அவர் அதைப் பிரசங்கத்தோடு விடவில்லை. 1541இல் ஜெனீவாவுக்கு அவர் வகுத்த திருச்சபைச் சட்டம், போதகர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி, ஒருவர் குறையை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும் என்றது. கால்வினும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். புதிய கால்வினியர்கள் இரட்சிப்பின் கோட்பாட்டை எடுத்துக்கொண்டார்கள், இந்தக் கூட்டத்தை விட்டுவிட்டார்கள். மூன்று விதமான சபைகளிலிருந்து வந்தவர்களை இணைத்தது மாநாட்டு மேடை. மேடைக்கு யாரையும் விசாரிக்கும் அதிகாரம் கிடையாது, அடுத்த முறை கூப்பிடாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

மகேனி விஷயத்தில் அதுகூடத் தாமதமானது. சிறார் மீதான பாலியல் கொடுமைகளை அவருடைய சபைக் குழுமத்தின் தலைவர்கள் மறைத்ததாக 2012இல் வழக்கு வந்தது. அவர் மறுத்தார், வழக்கின் பெரும்பகுதி காலவரம்பு தாண்டியதால் தள்ளுபடியானது. நண்பர்கள் கூடவே நின்றார்கள். 2018இல் அவரே மாநாட்டிலிருந்து ஒதுங்கினார். அவரிடம் பயிற்சி பெற்ற ஜாஷுவா ஹாரிஸ், இளைஞர்கள் 'டேட்டிங்' செய்யவேண்டாம் என்று 1997இல் எழுதிப் புகழ்பெற்றவர், 2019இல் தான் இனிக் கிறிஸ்தவன் அல்ல என்று அறிவித்துவிட்டார்.

இதெல்லாம் தனிமனிதர் கதை என்று கடந்துபோயிருக்கலாம், 2016 தேர்தல் வராமல் இருந்திருந்தால். டிரம்புக்கு வாக்களிக்கலாமா என்பதில் ஒரே மாநாட்டுக்காரர்கள் எதிரெதிரே நின்றார்கள். 2018 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஐம்பது ஆண்டு ஆனபோது, அதே மெம்பிஸில் இனப்பாகுபாட்டைப் பற்றிக் கூட்டம் நடந்தது. செப்டம்பரிலேயே போதகர் ஜான் மெக்ஆர்தர் உள்ளிட்டோர், சமூக நீதிப் பேச்சு சுவிசேஷத்துக்கு ஆபத்து என்று அறிக்கை விட்டார்கள். முன்குறித்தலில் ஒத்துப்போனவர்களுக்குக் கறுப்பினத்தவர் மீது திரும்பும் காவல்துறையின் துப்பாக்கியைப் பற்றி ஒரே கருத்து இல்லை. லெக்ரே போன்ற கறுப்பினக் கலைஞர்கள் வெள்ளையர் இவாஞ்சலிக்கல் உலகத்திலிருந்து விலகினார்கள்.

லூயிவில் மாநாடு 2022இல் கடைசியாகக் கூடியது. டிரிஸ்கால் அரிசோனாவில் புதிய சபை நடத்துகிறார். கால்வினியத்தின் ஐந்து கோட்பாடுகளையும் தான் இப்போது ஏற்பதில்லை என்கிறார். மேடை மட்டும் அவருக்கு இன்னும் இருக்கிறது.