மதிப்பெண் கேளாத மாதம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



பெரும்பொழுதை ஆறாகப் பகுத்த தொல்காப்பியம் முன்பனியைக் குறிஞ்சித் திணைக்கு உரியதாக்கியது. குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். மார்கழியும் தையும் சேர்ந்த அக்குளிர்காலம், ஒருவரை ஒருவர் நாடிச் சேரும் காலம் எனத் தமிழ் மரபு கண்டதாகக் கொள்ளலாம். அதே மார்கழி, தைக் குளிரில், கடல் கடந்த ஒரு கல்வி வளாகம் ஆண்டுதோறும் செய்துவரும் ஒரு செயலை இன்று எண்ணிப் பார்ப்பது, பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்திற்குப் பொருத்தமாகும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு எதிரே, சார்லஸ் ஆற்றின் மறுகரையில், கேம்பிரிட்ஜ் என்னும் ஊரில் உள்ளது மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். 1861-இல் நிறுவப்பெற்று, 1916-இல் இப்போதைய வளாகத்திற்கு இடம்பெயர்ந்த இக்கழகத்தின் முத்திரையில் இருவர் நிற்கின்றனர். ஒருவர் நூலேந்திய அறிஞர். மற்றவர் சுத்தியல் ஏந்திய தொழிலாளி. முத்திரையில் பொறித்த இலத்தீன் தொடர், ‘மென்ஸ் எட் மானுஸ்’ என்பது. ‘மனமும் கையும்’ எனப் பொதுவாகப் பொருள் கூறுவர். எனினும் தமிழ்ச் செவி இங்குச் சற்றுத் தயங்க வேண்டும். தமிழில் மனம் என்றால் எண்ணமும் அதனுள் அடங்கும், ஏக்கமும் அடங்கும். இலத்தீன் சொல்லோ அறிவின் பக்கமே சாய்வது. ஆதலின் ‘அறிவும் கையும்’ எனப் பெயர்ப்பதே தகும். அவ்வாறு பெயர்த்த உடனே ஒரு வினா எழுகிறது: நெஞ்சு எங்கே?

அவ்வினாவிற்கு விடையைக் கழகத்தின் பாடத்திட்டத்தில் தேடுவதினும் அதன் ஜனவரி மாதத்தில் தேடுவது பயன் தரும்.

ஜனவரித் தொடக்கத்தில் அவ்வூரில் மாலை நான்கரை மணிக்கு முன்பே ஞாயிறு மறைந்துவிடுகிறது. குளிர் உறைநிலையை ஒட்டியும் அதன் கீழும் நிற்கிறது. குளிரினும் கொடியது அந்த இருள். நார்மன் ரோசன்தால் என்னும் உளநோய் மருத்துவரும் அவர்தம் குழுவினரும், குளிர்காலந்தோறும் சிலரைப் பற்றும் மனச்சோர்வை 1984-இல் ஒரு நோயாக விவரித்தனர். பேரொளி விளக்கின்முன் அமர்வது அதற்கு மருந்தாவதையும் எடுத்துரைத்தனர். வெயில் குறைந்தால் உள்ளம் வாடும் என்பதைக் கவிஞர் எந்நாளும் அறிவர். மருத்துவம் அதற்கொரு பெயர் கொடுத்தது. வீட்டை விட்டுத் தொலைவில், பாடச்சுமையின் கீழ் வாழும் பதினெட்டு வயது மாணவருக்கு இக்காலம் எளிதானதன்று.

இந்த மாதத்தைத்தான் 1971 முதல் கழகம் தன் இரு பருவங்களுக்கும் இடையே தனியே பிரித்து வைத்துள்ளது. ‘தன்விருப்பச் செயற்பாட்டுக் காலம்’ எனத் தமிழில் அதனைச் சொல்லலாம். குளிர்ப்பருவத்தில் ஒரு மாதத்தைத் தனியே ஒதுக்கும் முறைக்கு வழிகாட்டியது, கடுங்குளிர் அறியாத புளோரிடாவில் 1960-இல் திறக்கப்பெற்ற ஒரு சிறு கல்லூரி என்பது சுவையான செய்தி. பின்னாளில் அது எக்கர்ட் கல்லூரி எனப் பெயர் மாறிற்று.

கேம்பிரிட்ஜ் வளாகத்தின் ஜனவரியில், வருவதும் வாராதிருப்பதும் மாணவர் விருப்பம். மாணவரோ பேராசிரியரோ அலுவலரோ, வளாகத்தைச் சார்ந்த எவரும் தாம் அறிந்த ஒன்றைப் பிறர்க்குக் கற்பிக்க முன்வரலாம். மதிப்பெண்ணுக்குரிய பாடங்களும் சில உண்டு. அவற்றிற்கு உச்சவரம்பும் உண்டு. மற்றவை யாவும் தேர்வின்றி, சான்றிதழின்றி நடப்பவை. கண்ணாடி ஊதும் பட்டறையில் இடங்கள் குறைவு, விரும்புவோரோ பலர், ஆதலின் குலுக்கல் முறையில் பெயரெடுக்கின்றனர். வெளியே பனி உறைந்து கிடக்க, உள்ளே உலையின் முன் நின்று உருகிய கண்ணாடிக்கு மூச்சால் வடிவம் தரும் இளைஞர், நெடுநாள் மறந்திருந்த தம் மூச்சையும் நினைவுகொள்வர். உடலும் அங்கு மறக்கப்படுவதில்லை. இளநிலை மாணவர் எவரும் நூறு கஜம் நீந்திக் காட்ட வேண்டும். இயலாதோர் நீச்சல் வகுப்பில் சேர வேண்டும் என்பது அக்கழகத்தின் நெடுநாள் விதி. உடற்பயிற்சித் துறை தன் பெயரிலேயே நலவாழ்வு என்னும் சொல்லையும் சேர்த்துக்கொண்டுள்ளது.

1993-இல் டிராவிஸ் மெரிட் என்னும் பேராசிரியர் ‘நயப் பள்ளி’ ஒன்றைத் தொடங்கினார். உணவு மேசையில் அமர்வது, கழுத்துப்பட்டை கட்டுவது, அறிமுகமற்றவரிடம் இரண்டு சொல் பேசுவது ஆகியவற்றை விளையாட்டும் வினயமும் கலந்து கற்பித்த பள்ளி அது. கடினமான சமன்பாடுகளைத் தீர்க்க வல்லவர், பக்கத்தில் அமர்ந்தவரிடம் பெயர் கேட்கக் கூசுவதுண்டு என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். அறிவுக்கும் நெஞ்சுக்கும் இடையிலுள்ள தொலைவை இதனினும் எளிமையாக எவரும் சுட்டிவிட முடியாது.

இன்னொன்று ‘மர்ம வேட்டை’. பிராட் ஷாஃபர் என்னும் ஆராய்ச்சி மாணவர் 1981-இல் சில புதிர்களை எழுதி, வளாகத்தில் ஒரு நாணயத்தை மறைத்துவைத்து, தேடுங்கள் என்றார். அன்று தொடங்கிய வேட்டை, இன்று பெருங்கூட்டம் குழுக்களாகப் பிரிந்து நாட்கணக்கில் ஆடும் ஆட்டமாக வளர்ந்துள்ளது. அதன் பரிசுதான் வியப்புக்குரியது. நாணயத்தைக் கண்டெடுத்த குழுவே மறு ஆண்டின் வேட்டையை எழுத வேண்டும். வென்றவருக்குக் கிடைப்பது ஓராண்டு உழைப்பு! பெருந்தொற்றுக் காலத்தில், 2021-இலும் 2022-இலும், ஒரு வளாகத்தில் கூட முடியாமல் அவரவர் இருந்த இடத்திலிருந்தே ஆடினர்; ஆயினும் கயிறு அறவில்லை. பரிசையே பொறுப்பாக மாற்றிய மரபுக்கு அத்தகைய உறுதி உண்டு.

சொல்லை வாழ்வாகக் கொண்ட இந்த அவைக்கு மிக நெருக்கமானது மூன்றாவது நிகழ்ச்சி. செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடிகளுள் ஒருவர் பேட்ரிக் வின்ஸ்டன். 1972 முதல் 1997 வரை கழகத்தின் நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தை நடத்தியவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, ஜனவரிதோறும் ‘பேசுவது எப்படி’ என ஒரே ஓர் உரை நிகழ்த்துவார். வருகைப் பதிவில்லை, அரங்கு நிரம்பி வழியும். எந்திரங்களுக்குச் சிந்திக்கக் கற்பிக்க முனைந்தவர், மனிதருக்குப் பேசக் கற்பிப்பதையும் கடமையாகக் கொண்டார். வாழ்வின் வெற்றியில் பேச்சுக்கு முதலிடம், எழுத்துக்கு அடுத்த இடம், கருத்தின் தரத்திற்கு அதற்கடுத்த இடம் என வரிசைப்படுத்தினார். புலமையுடையோர்க்கு அவ்வரிசை உவப்பாயிராது, ஆயினும் எண்ணத்தக்கது. நகைச்சுவையோடு தொடங்காதீர்; கேட்போர் இன்னும் கேட்கத் தயாராகவில்லை என்பார். அரங்கின் விளக்குகளை அணைக்காதீர் என்பார். கரும்பலகையில் எழுதும் கையின் வேகமும், கேட்பவர் உள்வாங்கும் வேகமும் ஒத்துச் செல்கின்றன என்பது அவர் கண்டது. 2019-இல் அவர் மறைந்தார். 2018-இல் பதிவான அவ்வுரை இன்றும் உலகெங்கும் கேட்கப்பெறுகிறது.

2015-இல் கழகம் மாணவர் உளநலம் கருதி ஒரு முயற்சியைத் தொடங்கி, அதற்கு ‘மைண்ட்ஹேண்ட்ஹார்ட்’ எனப் பெயரிட்டது. பழைய தொடரில் இல்லாதிருந்த மூன்றாம் சொல், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்து சேர்ந்தது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. சோர்ந்த மாணவருக்கு மருத்துவரும் ஆலோசகரும் இன்றியமையாதவர். அவர்தம் பணியை ஆடலும் பாடலும் செய்துவிட முடியாது. அதேபோல், ஊதியமும் மதிப்பெண்ணும் கருதாமல் ஒருவர் கற்பிக்க, மற்றவர் கேட்க வந்து அமரும் அந்தக் கூட்டம் செய்யும் பணியை எந்த அலுவலகமும் செய்துவிட முடியாது. நெஞ்சு என்னும் சொல் அம்முயற்சியின் பெயரில் ஏறும் முன்பே, ஜனவரி அதனைப் பேணிவந்தது.

அம்மாதத்திற்கும் இடர் இல்லாமலில்லை. வேலைக்கான பயிற்சியும், விண்ணப்பத்தில் எழுதிக்கொள்ளத்தக்க சாதனையும் அந்நான்கு வாரங்களிலும் இடம் கேட்கின்றன. பயன் கருதாத பொழுதைப் பயன் கருதும் பொழுது மெல்ல விழுங்குவது எங்கும் காணும் இயல்பு. தமிழ் மன்றங்கள் பல தொடக்க விழாவோடு நின்றதற்கும் இதுவே காரணம் எனலாம்.

கழகத்தின் நடுவே 251 மீட்டர் நீளத்தில் நேராக ஓடும் ஒரு நடைவழி உண்டு. ‘முடிவிலா நடைவழி’ என்பது அதன் பெயர். ஆண்டில் இருமுறை, நவம்பரில் சில நாட்களும் ஜனவரி இறுதியில் சில நாட்களும், மறையும் ஞாயிற்றின் கதிர் அதன் ஒரு முனையில் நுழைந்து மறு முனை வரை பாய்கிறது. மாணவரும் ஆசிரியரும் சுவரோரம் ஒதுங்கி நின்று அவ்வொளிக்கு வழிவிடுவர். முகில் மறைத்தால் காட்சி இல்லை. ஆயினும் மறு ஆண்டும் வந்து நிற்பர். இருள் மிகுந்த மாதத்தின் இறுதியில் அக்கழகம் பெறும் ஒளி, காத்திருந்தோர்க்கே கிட்டுவது.

இந்த இலக்கிய வட்டத்தின் கூட்டங்களுக்குப் பத்தாண்டுகளாக வந்தோர்க்கு எவரும் மதிப்பெண் தந்ததில்லை. மழையில் நனைந்து வந்து, நான்கு பேரே இருந்த நாளிலும் கவிதை படித்தோர் உண்டு. இன்று இவ்விழா அவர்களுக்குத் தரும் பரிசு, அந்த வேட்டையின் பரிசைப் போன்றதே: அடுத்த பத்தாண்டின் புதிர்களை இனி அவர்களே எழுத வேண்டும்.

உரையை நன்றி கூறி முடிக்காதீர் என்றும் வின்ஸ்டன் சொல்வார். கேட்டோர் தாட்சண்யத்திற்காக அமர்ந்திருந்ததாக அது பொருள்படுமாம். அவையைப் போற்றி முடிப்பதே அவர் வழக்கம். கேட்பதற்காகவே வந்து கூடும் இந்த அவைக்கு, வணக்கம்.