ஆறிய புண் மறுபடி வெடிக்காமல் இருக்க

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகக் குண்டசாலையில் நடைபெற்ற மகளிர் சுகாதார அமர்வில், சத்திரசிகிச்சை விடுதியில் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதிய சகோதரியான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்கு இதுவா தலைப்பு என்று செயலாளர் தங்கை முதலில் தயங்கினார். சீனி வியாதி, இரத்த அழுத்தம், மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். மலவாசலில் வரும் வெடிப்பைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை. ஆனால், பெண்கள் ஆண்டுக்கணக்காக ஒளித்து வைத்திருந்துவிட்டுக் கடைசியில் கிளினிக் வாசலுக்கு வருகிற நோய்களில் இதுவும் ஒன்று. ஆகவே நான் பேசுகிறேன். வெட்கப்படுகிறவர்கள் கையிலுள்ள நிகழ்ச்சி நிரலால் முகத்தை மறைத்துக்கொள்ளலாம், காதை மட்டும் மூடவேண்டாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். பின்னால் எது வந்தாலும் நம்மவர்களுக்கு அது 'மூலம்'. மூலம் என்பது இரத்தக்குழாய் வீக்கம். பெரும்பாலும் வலிக்காமல் இரத்தம் போகும். நான் சொல்வது வேறு. மலம் இறுகி வெளியேறும்போது மலவாசலின் மெல்லிய தோல் கிழிகிறது. வைத்தியர்கள் இதைப் 'பிஷர்' என்பார்கள். வெளிக்குப் போகும்போது கண்ணாடித் துண்டால் கீறுவதுபோல வலி, அதன்பின் ஒரு மணித்தியாலமோ இரண்டோ எரிச்சல், மலத்தின்மேல் சிவப்பாக ஒரு கோடு இரத்தம். இதை அனுபவித்தவருக்கு விளக்கம் தேவையில்லை.

உதட்டிலே வெடித்தால் நாலு நாளில் ஆறிவிடுகிறதே, இது ஏன் மாதக்கணக்கில் ஆறுவதில்லை? அந்த இடத்தில் இரண்டு சுருக்குத்தசைகள் உண்டு. வெளியில் உள்ளது நம் சொல் கேட்கும். உள்ளே உள்ளது கேட்காது. புண் வலித்ததும் உள்தசை தானாக இறுகிக்கொள்கிறது. இறுகினால் அந்த இடத்துக்கு இரத்தம் போவது குறைகிறது, இரத்தம் இல்லாத இடத்தில் புண் ஆறாது. பின்பக்க நடுக்கோட்டில் இயல்பாகவே இரத்த ஓட்டம் குறைவு. வெடிப்பும் அநேகமாக அங்கேதான் வருகிறது. பெண்களுக்கு, குறிப்பாகப் பிரசவத்துக்குப் பிறகு, முன்பக்கத்திலும் வரலாம். நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகர வைத்தியர்கள் இந்தத் தசை இறுக்கத்தையும் இரத்தக் குறைவையும் 1994இல் அளந்து காட்டினார்கள்.

இதன்மேல் பயமும் சேர்ந்துகொள்கிறது. நாளைக்கும் வலிக்கும் என்று பயந்து அடக்குகிறோம். அடக்கிய மலம் இன்னும் காய்கிறது. அடுத்த முறை இன்னும் பெரிதாகக் கிழிகிறது. சிலர் சாப்பாட்டையே குறைத்துவிடுகிறார்கள். அது நிலைமையை மோசமாக்கத்தான் செய்யும்.

இனி வைத்தியம். புதிதாக வந்த வெடிப்புக்கு வீட்டு வைத்தியமே பெரும்பாலும் போதும். டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்சன் என்ற வைத்தியர் 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு பகுதியினருக்கு மரக்கச்செய்யும் களிம்பு, இன்னொரு பகுதியினருக்கு ஸ்டீரொய்ட் களிம்பு, மூன்றாவது பகுதியினருக்கு வெறும் வெந்நீரும் கோதுமைத் தவிடும். மூன்று வாரத்தில் களிம்புக்காரரைவிடத் தவிட்டுக்காரரே நன்றாகத் தேறினார்கள், 100க்கு 87 பேர். பார்மசியில் காசு கொடுத்துக் குழாய் குழாயாக வாங்குகிறவர்கள் இதை யோசிக்கவேண்டும். ஸ்டீரொய்ட் களிம்பை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து இன்னும் எளிதில் கிழியும்.

வெந்நீர் என்றால் கொதிநீர் அல்ல. கை பொறுக்கும் இளஞ்சூடு. அகன்ற பேசினில் ஊற்றி, வெளிக்குப் போய்வந்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரவேண்டும். டெட்டோல் வேண்டாம், உப்பும் அவசியமில்லை. சூட்டில் தசை இளகுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை.

நான் இன்று வந்ததே அடுத்த விஷயத்தைச் சொல்லத்தான். புண் ஆறியதும் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறோம். மூன்று மாதத்தில் மறுபடி வெடிக்கிறது. "சிஸ்டர், திரும்பவும் வந்திட்டுது" என்று அழுதுகொண்டு வருவார்கள், ஏதோ விதி என்பதுபோல. அதே ஜென்சன் 1987இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டார். புண் ஆறியவர்களுக்கு ஓராண்டு முழுக்கத் தவிடு கொடுத்துப் பார்த்தார். நாளுக்கு 15 கிராம் தவிடு சாப்பிட்டவர்களில் 100க்கு 16 பேருக்குத்தான் மீண்டும் வந்தது. அதில் பாதி அளவு சாப்பிட்டவர்களில் 60 பேருக்கு வந்தது. தவிடே இல்லாதவர்களில் 68 பேருக்கு வந்தது. பாதி அளவு எடுத்தவர்களும் ஏறக்குறைய எடுக்காதவர்களைப் போலத்தான் ஆனார்கள் என்பதைக் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கீரை சாப்பிடுவது கணக்கில் சேராது.

ஆலையிலிருந்து நெல் தவிட்டை அள்ளிவந்து தின்னச் சொல்லவில்லை. அது சீக்கிரம் சிக்கெடுக்கும், மாட்டுக்கே இருக்கட்டும். நமக்குத் தீட்டாத சிவப்பரிசி இருக்கிறது, குரக்கன் இருக்கிறது, பருப்பு, கடலை இருக்கிறது. இந்தப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் பலாக்காயும் பப்பாசியும் கொய்யாவும் ஆனைக்கொய்யாவும் காய்க்கின்றன. வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். காலையில் பாண், பகலில் வெள்ளைச் சோறு, இரவில் நூடில்ஸ் என்று இருக்கிற வீட்டில் பிள்ளைக்கும் வரும், தாய்க்கும் வரும். சாப்பாட்டால் முடியாதவர்கள் இசப்கோல் உமியைக் கலந்து குடிக்கலாம். ஆனால் தண்ணீர் சேராமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் வயிறு கல்லாகும். கண்டிக் குளிருக்குத் தாகம் தெரியாது. தாகத்துக்குக் காத்திராமல் குடியுங்கள்.

கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையால் மலம் இறுகலாம். அதற்காகக் குளிசையை ஜன்னலால் எறியாதீர்கள். குடும்பநல மாதுவிடம் சொன்னால் வழி சொல்வார்.

ஆறு, எட்டு வாரம் கடந்தும் ஆறாத வெடிப்புக்கு வைத்தியரிடம் போகவேண்டும். தசையை இளக்கும் களிம்புகள் இருக்கின்றன. கிளிசரில் ட்ரைநைட்ரேட் பூசினால் பலருக்குத் தலையிடி வரும். டில்டியசெம் களிம்பில் அது குறைவு. 1997இல் வந்த ஆய்வில் முதல் களிம்பு பூசியவர்களில் 100க்கு 68 பேருக்குக் குணமானது. பின்னர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அது பாதியளவுக்கு இறங்கியது. எப்படியானாலும் இரண்டு நாள் பூசிவிட்டு "சரிவரேல்லை" என்று விடக்கூடாது. வலி போனாலும் சொன்ன வாரங்கள் முழுக்கப் பூசவேண்டும். அதற்கும் மசியாவிட்டால் உள்தசையைச் சிறிதளவு வெட்டிவிடும் சத்திரசிகிச்சை உண்டு. 100க்கு 90 பேருக்கு மேல் ஆறிவிடுகிறது. சிலருக்குப் பின்னர் வாயுவையோ மலத்தையோ கட்டுப்படுத்துவது கடினமாகலாம். பிரசவத்தில் அந்தத் தசை காயப்பட்ட பெண்களுக்கு இந்த ஆபத்து கூட. எனவே எத்தனை பிரசவம், ஆயுதம் போட்டா, தையல் போட்டார்களா என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்காமலே சொல்லுங்கள். பஸ் நிலையச் சுவரில் "ஒரே ஊசியில் மூலம் மறையும்" என்று ஒட்டியிருப்பதை நம்பி மட்டும் போகவேண்டாம்.

வலியில்லாமல் இரத்தம் போவது, கறுத்த இரத்தம், மெலிவு, மலம் போகும் வழக்கம் திடீரென மாறுவது, இவை வெடிப்பு அல்ல. நாற்பது தாண்டியவர்கள் எந்த இரத்தத்தையும் மூலம் என்று தாங்களே தீர்மானிக்கக்கூடாது. குடற்புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கும்.

கண்டியிலோ பேராதனையிலோ அரசாங்க வைத்தியசாலையில் இதற்கு இலவசமாகப் பார்க்கிறார்கள். ஆனால் நம் பெண்கள் அங்கே போயும் சொல்வதில்லை. வைத்தியர் ஆண், அதுவும் சிங்களத்தில் கேட்கிறார் என்றதும் "வயிறு சரியில்லை" என்று சொல்லி கேஸ்ட்ரைட்டிஸ் குளிசையோடு வீட்டுக்கு வருகிறார்கள். "வெசிகிலி யனகொட்ட ரிதெனவா, லே யனவா" என்று மனப்பாடம் பண்ணுங்கள். மலசலகூடம் போகையில் வலிக்கிறது, இரத்தம் போகிறது என்று அர்த்தம். சொல்லக் கூசினால் துண்டில் எழுதி நீட்டுங்கள். பரிசோதிக்கையில் பெண் தாதி ஒருவர் கூட நிற்கவேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

அதிபர் அவர்கள் இருப்பதால் இன்னொன்று. காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறும் பிள்ளை வீட்டில் வெளிக்குப் போக நேரமில்லாமல் வருகிறாள். பாடசாலை மலசலகூடத்தில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை என்றால் இரண்டு மணிவரை அடக்குகிறாள். அடக்கவேண்டி வருமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. பாடவேளைக்கு நடுவில் எழுந்து போகமுடியாத ஆசிரியைகளுக்கும் இதே கதைதான். தேயிலை மலையில் கொழுந்தெடுக்கும் நம் சகோதரிகளுக்கு அந்தத் தாழ்ப்பாள் இல்லாத கதவுகூடக் கிடையாது. சங்கத்தின் நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியை நினைவுத்தூணுக்கு ஒதுக்கும் யோசனை இருப்பதாக அறிகிறேன். அதற்கு முன் எட்டுத் தாழ்ப்பாள், எட்டு வாளி, ஒரு தண்ணீர்த் தாங்கி வாங்கிப் போடும்படி இந்தச் சபையில் பிரேரிக்கிறேன். வழிமொழிய யாராவது எழுந்தால் நான் உட்கார்ந்துவிடுவேன்.