எதிர்த்தரப்புக் கொடுத்த காகிதங்கள்

தோட்டத்தை விட்டு வந்து பினாங்கு டத்தோ கிராமாட் வட்டாரத்தில் குடியேறிய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். ஒரு டாக்டர் செய்த சிகிச்சைக்குப் பிறகு அந்த வீட்டு மகனுக்குக் கால் விளங்கவில்லை. நட்ட ஈடு கேட்டு உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போடுகிறார்கள். விசாரணைக்கு முன்பே இரு தரப்பும் தத்தம் ஆவணங்களை ஒருவருக்கொருவர் காட்ட வேண்டும். அப்படி வந்த கட்டில் ஒரு கடிதம். வேறு நோயாளிகளிடமும் அந்த டாக்டர் இதே தவற்றைச் செய்தார் என்று அதில் தெரிகிறது.

"இதை இன்றைக்கே மருத்துவ மன்றத்துக்கு அனுப்பு, தம்பி" என்கிறார் பெரியப்பா. அனுப்பலாமா?

நீதிமன்றத்தைக் கேட்காமல் அனுப்பக் கூடாது. கைப்பேசியில் படமெடுத்து உறவினருக்கு அனுப்புவதும் இதே கணக்குத்தான். எதிர்த்தரப்பு அந்தக் காகிதங்களை மனமுவந்து தரவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தியதால் தந்தது. ஆகவே பெற்றுக்கொண்டவர், 'இந்த வழக்குக்கு மட்டுமே பயன்படுத்துவேன்' என்று நீதிமன்றத்துக்கு வாய்திறவாமலே வாக்குக் கொடுத்தவராகிறார். வாக்கை மீறினால் நீதிமன்ற அவமதிப்பு.

இங்கிலாந்தில் தேம்ஸ் போர்டு மில்ஸ் என்ற ஆலையில் ஒருவரை வேலைநீக்கம் செய்து, கூடவே ஆள்விட்டு வெளியேற்றினார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். அது சமரசத்தில் முடிந்தது. ஆனால் அந்த வழக்கில் ஆலை காட்டிய குறிப்பு ஒன்று அவரை இழிவாகப் பேசியது. அதையே ஆதாரமாக வைத்து மானநஷ்ட வழக்குப் போட்டு வென்றார். 1977-இல் லார்டு டென்னிங் உள்ளிட்ட மேல்முறையீட்டு நீதிபதிகள் அந்த வெற்றியைத் தள்ளிவிட்டார்கள். தொழிலாளி பக்கம் நிற்கும் நமக்கு இது கசக்கத்தான் செய்கிறது. ஆனால் காட்டிய காகிதம் ஊரெல்லாம் சுற்றும் என்றால், அடுத்த முதலாளி காட்டுவாரா? அடுப்பில் போடுவார். அப்போது நம் பிள்ளையின் வழக்குக்கே ஆதாரம் இராது.

அப்படியானால் தவறு செய்தவர் திரைக்குப் பின்னால் தப்பிவிடலாமா? அப்படியும் இல்லை. 1999-இல் இங்கிலாந்தில் ஒரு தாதியைப் பற்றிய விவகாரம் வந்தது. அவர் போலீசில் கொடுத்த வாக்குமூலத்தைத் தாதியரைக் கண்காணிக்கும் மன்றம் கேட்டது. கொடுக்கக் கூடாது என்று அவர் தடை கேட்டார், நீதிபதிகள் மறுத்தார்கள். நோயாளிகளின் பாதுகாப்பு பெரிது என்றார்கள். அது போலீஸ் காகிதம். நாம் பேசுவது வழக்கில் எதிர்த்தரப்புக் காட்டிய காகிதம். இதற்கு நீதிபதியின் அனுமதி வேண்டும். தக்க காரணம் இருந்தால் அனுமதி கிடைக்கும். பொதுமக்களின் உயிர் அத்தகைய காரணமே என்பது நம் கருத்து.

டத்தோ கிராமாட் குடும்பம் அதுவரை கைகட்டி இருக்கவும் வேண்டாம். மகனுக்கு நடந்தது அவர்கள் கண்ணால் கண்டது. தங்கள் கையிலிருந்த ரசீது, மருந்துச் சீட்டு, தேதிவாரியாக எழுதிய விவரம் இவை அவர்களுடைய சொந்தம். இவற்றைக் கொண்டு 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் கீழ் மலேசிய மருத்துவ மன்றத்தில் புகார் கொடுக்கலாம். தம் வழக்கறிஞர் மீதே குறை என்றால், 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்கு நடவடிக்கை வாரியம் இருக்கிறது.

இரண்டு கட்டுகளையும் ஒரே பையில் போடாதீர்கள். எதிர்த்தரப்புக் கொடுத்ததைத் தனி உறையில் வைத்து, வந்த தேதியை மேலே எழுதுங்கள். அந்தக் கடிதத்தை மருத்துவ மன்றத்துக்குக் கொடுக்க அனுமதி கேட்டு மனுச் செய்யும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.