காய்ச்சலோடு ஜன்னி கண்டால்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



வயலெல்லாம் தண்ணி நிக்கிற காலம் இது. அதனால இன்னைக்கு மூளைக்காய்ச்சலைப் பத்திப் பேசலாம்னு வந்திருக்கோம்.

இதுக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல்னு பேரு. பேருதான் ஜப்பான். இந்தியாவுல முதன்முதலா இதைக் கண்டறிஞ்சது 1955-ல, நம்ம வேலூர்ப் பக்கம். கிருமி பன்றியிலும் கொக்கு, நாரையிலும் இருக்கு. நெல் வயல் தண்ணியில பெருகுற கியூலெக்ஸ் கொசு அதுங்களைக் கடிச்சிட்டு, பொழுது சாஞ்சதும் நம்ம பிள்ளைங்களைக் கடிக்குது. ஆள்கிட்டயிருந்து ஆளுக்கு ஒட்டாது. நோய் வந்த வீட்டை ஒதுக்காதீங்க. பன்றி வளர்க்கிற சகோதரிகளையும் நாங்க குறை சொல்லல. பட்டி வீட்டை விட்டுத் தள்ளி இருக்கட்டும், முதல் ஆபத்து அவங்க பிள்ளைக்குத்தான்.

கிருமி ஏறினவங்கள்ல சுமார் 250 பேருக்கு ஒருத்தருக்குத்தான் அது மூளைக்குப் போய் வீக்கம் உண்டாக்குது. அப்படிப் போனா 100-க்கு 30 பேர் வரை இறந்துடலாம். பிழைச்சவங்கள்லயும் பலருக்கு வலிப்பு, கை கால் விளங்காமை, பேச்சுத் தடுமாற்றம் நின்னுடுது. கிருமியைக் கொல்லத் தனி மருந்து கிடையாது. வலிப்பை அடக்கி, மூச்சைக் காப்பாத்துறதுதான் வைத்தியம். அது ஆஸ்பத்திரியில மட்டும்தான் முடியும்.

கடுமையான காய்ச்சல், தலைவலி, வாந்தி. அப்புறம் பிள்ளை உளறுது, ஆளைத் தெரியல, எழுப்பினா எழும்பல, வலிப்பு வருது. உடனே காத்து கருப்புன்னு மந்திரிக்கத் தூக்கிட்டு ஓடுறோம். வேப்பிலை அடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு ராத்திரி போயிடுது! சாமி கும்பிட வேண்டாம்னு சொல்லல. 108-க்குப் போன் போட்டுட்டு, வண்டி வர்ற வரைக்கும் கும்பிடுங்க. வலிப்பு வரும்போது கையில இரும்பு கொடுக்காதீங்க, வாயில தண்ணியோ கரண்டியோ வைக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க.

நோய் அதிகமுள்ள மாவட்டங்கள்ல தடுப்பூசி இலவசம். 9 மாதம் முடிஞ்சதும் ஒண்ணு, 16 முதல் 24 மாதத்துக்குள்ள இன்னொண்ணு. வீட்டுக்குப் போனதும் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்க. சந்தேகம்னா கிராம செவிலியரைக் கேளுங்க.

கையில காசில்லன்னு, விடியட்டும்னு காத்திருக்கிற தாய்மார் உண்டு. குழுச் சேமிப்பு பின்ன எதுக்கு? ராத்திரி அவசரத்துக்குக் கூட்டம் கூடற வரை காத்திராம, ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து கடன் கொடுக்கலாம்னு தீர்மானம் போடுங்க. அவசரத்துக்குன்னு எவ்வளவு பணம் யார் வீட்டுல இருக்கணும்னும் அதுலயே எழுதிடுங்க. தீர்மான நோட்டு இங்கதானே இருக்கு, இப்பவே எழுதலாமே.