வெளிச்சம் உள்ள இடமா பார்ப்போம்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் தையல் குழு உறுப்பினர் பேசியது)



நம்ம பொதுத் தையல் கூடத்துக்கு இடம் தேடிக்கிட்டிருக்கோம். போன கூட்டத்தில், "வாடகை குறைவா இருந்தா போதும்"னு சிலர் சொன்னாங்க. அன்றைக்குப் பேச நேரம் இல்லை. அதனால் இன்று ஒரு பொம்மைத் தொழிற்சாலையின் கதையைச் சொல்கிறேன்.

ஜெர்மனியில் கீங்கன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1847-ல் பிறந்தவர் மார்கரெட் ஸ்டைஃப். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் செயலிழந்தன. வலது கையிலும் பலம் இல்லை. ஆனாலும் தையல் கற்றார். மெஷின் சக்கரத்தை வலது கையால் சுற்ற முடியாததால், மெஷினையே திருப்பி வைத்து இடது கையால் சுற்றினார்!

1877-ல் ஃபெல்ட் துணியில் உடை தைத்து விற்கத் தொடங்கினார். 1880-ல் குண்டூசி குத்தி வைக்க ஒரு குட்டி யானை தைத்தார். பிள்ளைகள் அதை விளையாட எடுத்துக்கிட்டாங்க. பொம்மைத் தொழில் அப்படித்தான் பிறந்தது.

1903-ல் புதுக் கட்டடம் எழுந்தது. மூன்று தளம், இரும்புச் சட்டம், சுற்றிலும் இரட்டைக் கண்ணாடிச் சுவர். தைக்கிற பெண்களுக்குப் பகலெல்லாம் நல்ல வெளிச்சம். உள்ளே வேலை செய்யும் பெண்கள் வெளியே தெரிந்ததால், "கன்னிப் பெண்கள் மீன்தொட்டி"ன்னு ஊரார் கேலி பேசினாங்க. 1907-ல் மட்டும் அந்த நிறுவனம் 9,74,000 கரடி பொம்மைகள் செய்தது. தொழிற்சாலையில் 400 பேர். வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்தவர்கள் 1,800 பேர்.

1909-ல் அந்த அம்மா மறைந்தார். 120 வருஷம் தாண்டியும் அந்தக் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. பாதுகாக்க வேண்டிய நினைவுச் சின்னமாக அரசே அதை வைத்திருக்கிறது.

கண்ணாடி மாளிகை நமக்கு வேண்டாம். பழைய கட்டடமே போதும். ஆனால் ஊசியில் நூல் கோர்க்க வெளிச்சம் வேணும். காற்று வர ஜன்னல், அவசரத்துக்கு வெளியேற இரண்டாவது வாசல், கழிப்பறை வேணும். முக்கியமா, தரைத்தளமா இருக்கணும். நம்ம குழுவில் கால் முடியாத தங்கச்சி ஒருத்தி இருக்கா. எங்க எல்லாரையும்விட நேர்த்தியா தைப்பா. மாடியில் கூடம் போட்டால் அவளை வீட்டிலேயே உட்கார வைத்த மாதிரிதான்.

வாடகை கொஞ்சம் கூடினால் பங்கு போட்டுக் கட்டுவோம். இதை இன்றைக்கே தீர்மான நோட்டில் எழுதணும் என்று கேட்டு விடைபெறுகிறேன்.