ஆடாமல் விட்ட இறுதியாட்டம்

ஒரகடத்தில் தயாராகும் ரெனோ க்விட் கார் தென்னாப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியாகிறது என்பது குன்றத்தூரிலிருந்து ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவர்களுக்குப் பெரிய செய்தியாக இருக்காது. 1990இல் இப்படி ஒரு கார் இங்கிருந்து போயிருக்க முடியாது. அந்த நாட்டோடு இந்தியாவுக்கு அப்போது வியாபாரமே கிடையாது. நம் பாஸ்போர்ட் அங்கே செல்லாது என்று பாஸ்போர்ட்டிலேயே எழுதிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது.

வியாபாரத் தடை வந்தது 1946இல்; இந்தியா விடுதலை அடைய இன்னும் ஓராண்டு இருந்தது. இந்தியர்கள் இன்ன இடத்தில்தான் நிலம் வாங்கலாம், குடியிருக்கலாம் என்று தென்னாப்பிரிக்க வெள்ளையர் அரசு அந்த ஆண்டு ஒரு சட்டம் போட்டது. அதை எதிர்த்து ஜூன் 13 அன்று டர்பன் நகரில், கேல் தெருவும் உம்பிலோ சாலையும் சந்திக்கும் காலி மனையில் சத்தியாகிரகிகள் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இரவில் வெள்ளைக்காரக் காலிகள் வந்து கூடாரங்களைக் கிழித்தார்கள், இருந்தவர்களை அடித்தார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போகப் போக, அடுத்த கோஷ்டி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. ஏறத்தாழ 2000 பேர் சிறைக்குப் போனார்கள். முன்னால் நின்றவர்கள் டாக்டர் மான்ட்டி நாயக்கர், டாக்டர் யூசுப் தாதூ. எடின்பரோவில் மருத்துவம் படித்த டாக்டர் குணம் என்ற பெண்மணியும் சிறை சென்றார்.

மதராஸிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது 1860 நவம்பரில். அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அந்தக் கூடாரத்தில் இருந்தவர்களில் பலர். இந்தியா ஐ.நா. சபையில் முறையிட்டது, வணிகத்தையும் நிறுத்தியது. அன்றைய இந்திய ஏற்றுமதியில் நூற்றுக்கு ஐந்து ரூபாய்ச் சரக்கு அந்த நாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. தெரிந்தே ஏற்றுக்கொண்ட நஷ்டம்.

1948இல் அங்கே தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. நிறவெறி முழுச் சட்டமானது. நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு ஓட்டு இல்லை. பேருந்து, பள்ளிக்கூடம், கடற்கரை எல்லாம் தோலின் நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டன.

இனி 1974. சென்னைப் பிள்ளைகள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடிக்கொண்டிருந்தார்கள். கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவோடு மோதியபோது, இரட்டையர் ஆட்டத்தில் அண்ணனும் தம்பியும் 17–15, 6–8, 6–3, 16–18, 6–4 என்று ஜெயித்தார்கள். கூட்டிப் பாருங்கள், மொத்தம் 99 கேம்! டை-பிரேக்கர் இல்லாத போட்டி அது. ஆஸ்திரேலியா வெளியேறியது. அரையிறுதியில் சோவியத் யூனியனும் தோற்றது. கோப்பைக்கு இன்னும் ஒரே ஒரு போட்டி.

எதிரே நின்றது தென்னாப்பிரிக்கா.

இந்தியா ஆட மறுத்தது. ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இறுதிப் போட்டியே நடக்காமல் டேவிஸ் கோப்பை கைமாறியது அதுவே முதல் முறை.

இதில் இரண்டு கட்சி உண்டு. அமெரிக்கக் கறுப்பின வீரர் ஆர்தர் ஆஷ், அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜோகன்னஸ்பர்க் போய் ஆடியிருந்தார். தன்னைப் போன்ற ஒருவன் ஜெயிப்பதை அங்குள்ள கறுப்புப் பையன்கள் நேரில் பார்க்கட்டும் என்பது அவர் கட்சி. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 28 வருஷமாக வியாபாரத்தை விட்டுக்கொடுத்த நாடு, ஒரு வெள்ளிக் கோப்பைக்காகக் கை குலுக்கியிருந்தால் அந்த 28 வருஷமும் வீண் என்றுதான் தோன்றுகிறது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. முடிவெடுத்தவர்கள் அந்த அணியில் ஆடியவர்கள் இல்லை. கையில் வந்ததை இழந்தவர் இருபது வயது விஜய்.

சகோதரர்களுக்கு இன்னொரு வாய்ப்பு வர 13 வருஷம் ஆனது. 1987 டிசம்பர், ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரம், கூடவே சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன். ஸ்வீடன் 5–0 என்று ஜெயித்தது. அந்த டிசம்பரிலும், நிறவெறியை எதிர்த்த நெல்சன் மண்டேலா போல்ஸ்மூர் சிறையில்தான் இருந்தார். அவர் வெளியே வந்தது 1990இல். இந்தியா அந்நாட்டோடு தூதரக உறவைப் புதுப்பித்தது 1993இல்.